கொழும்பு மாவட்டம் என்று எழுதிய பிறகு

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையில் 155 ஏறினால் இருக்க இடம் கிடைக்கும். கொழும்புக்குத் தெற்கே சொய்சாபுரவிலிருந்து நகரின் வடக்கு முனையில் இருக்கிற மட்டக்குளிக்குப் போகிற பஸ் அது. காலி வீதி முழுக்க டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். முதுகில் பை, கையில் மாதிரி வினாத்தாள் கட்டு, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு அம்மா. பம்பலப்பிட்டி தாண்டியதும் அந்தக் கூட்டம் குறைந்துவிடும். மருதானைக்குப் பிறகு ஏறுகிறவர்கள் வேறு ஆட்கள். இரவு வேலை முடித்துத் திரும்பும் செக்கியூரிட்டிக்காரர்கள், சந்தைப் பையோடு பெண்கள். பிள்ளைகள் இருப்பார்கள், ஆனால் கையில் வினாத்தாள் இருக்காது.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளவத்தை. 2022இல், பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாக நாடு கிடந்த நாட்களில், மட்டக்குளியில் ஓர் ஆலய மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுக்க வரமுடியுமா என்று பழைய சிநேகிதி ஒருத்தி கேட்டாள். பள்ளிக்கூடங்கள் வாரத்தில் பாதி நாள் மூடியிருந்த காலம். நிலைமை சீராகும்வரைக்கும் போவோம் என்றுதான் தொடங்கினேன். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். ஆசிரியர் பயிற்சி பெற்றவள் இல்லை நான், கணக்காளர். அதனால் இங்கே எழுதுவதைக் கல்வி நிபுணரின் கருத்தாக எடுக்கவேண்டாம். ஒரே நகரத்தின் இரண்டு பக்கத்தையும் வாராவாரம் பார்க்கிற ஒருத்தி சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் எங்கள் வகுப்பில் ஐந்தாம் தரப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். வீட்டுக்கு மூத்தவள். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. அம்மா மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். மனக்கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் வீட்டுக்கு முன்னால் துறைமுகத்துக் கண்டெய்னர் லொறிகள் ஓயாமல் போகும். "ஒரு லொறிக்குப் பதினெட்டு டயர் மிஸ், ஒரு மணித்தியாலத்துக்கு நாப்பது லொறி போகுது, எத்தன டயர்?" என்று ஒருநாள் அவளே கேட்டு, நான் வாயைத் திறக்கும் முன்னே "எழுநூத்தி இருவது" என்று அவளே சொல்லிவிட்டாள்.

அதே பிள்ளை மாதிரி வினாத்தாளில் ஒரு தமிழ்ப் பத்தியில் நின்றுவிட்டாள். அறுவடையைப் பற்றிய பத்தி. விவசாயிகள் சூடு மிதித்தார்கள் என்று ஒரு வரி. நெடுநேரம் பேசாமல் இருந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "கால் சுட்டுடும் தானே மிஸ்?"

வெட்டிய நெற்கதிரைக் குவித்து வைப்பதற்குச் சூடு என்று பெயர், அதை மாட்டையோ டிரக்டரையோ விட்டு மிதித்து நெல்லைப் பிரிப்பார்கள் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். "எங்க மிஸ் இப்பிடிச் செய்வாங்க?" என்றாள். வத்தளைக்கு அப்பால் போகாத பிள்ளைக்கு என்ன சொல்வது?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் மகளிடம் அதே வரியைக் காட்டினேன். உடனே விளக்கம் சொன்னாள். அவளும் வயலைக் கண்டது யாழ்ப்பாணம் போகும் வழியில் வாகனத்து ஜன்னலால்தான். ஆனால் ஐந்தாம் தரத்தில் அவளுக்கு வாரத்துக்கு மூன்று டியூஷன். நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரி வினாத்தாள் செய்திருக்கிறாள். சூடு மிதிப்பு அதில் ஏழெட்டுத் தடவையாவது வந்திருக்கும். இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் மூளையில் வித்தியாசம் இல்லை. அந்தச் சொல்லை எத்தனை தரம் சந்தித்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். அந்தச் சந்திப்புகளை என் வீட்டில் காசு கொடுத்து வாங்கினோம்.

ஐந்தாம் தரப் பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மொத்தம் 200 புள்ளி. தெரிவாவதற்கு வேண்டிய ஆகக்குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறும். அதாவது மட்டக்குளிப் பிள்ளையைப் பற்றி அந்தப் பரீட்சைக்குத் தெரிவது இரண்டே விபரம்: கொழும்பு மாவட்டம், தமிழ்மொழி மூலம். என் மகளைப் பற்றித் தெரிந்ததும் அதே இரண்டுதான். அப்பாவின் தொழில், வீட்டில் மேசை இருக்கிறதா, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதெல்லாம் "கொழும்பு" என்ற சொல்லுக்குள் மறைந்துபோகும். பெறுபேறு வந்தபோது மட்டக்குளிப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளியை எட்ட ஒன்பது புள்ளி குறைந்தது. டியூஷன் இல்லாமல், தகப்பனின் பழைய போனில் நான் அனுப்பும் கேள்விகளைச் செய்து அந்தப் பிள்ளை எடுத்த புள்ளி அது. எனக்கு அது என் மகளின் பெறுபேற்றைவிடப் பெரியது. ஆனால் அந்தப் பெறுமதியை எழுதுவதற்குப் பெறுபேற்றுத் தாளில் இடமில்லை.

இந்தப் பரீட்சையின் தொடக்கத்தை நினைத்தால் மனம் இன்னும் கனக்கிறது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அரசாங்க சபையில் கல்வி அமைச்சராக இருந்து போராடி, 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளைக் கட்டி, காசில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடியெடுத்து அங்கே படிக்கவைப்பதற்குத்தான் புலமைப்பரிசில் வந்தது. ஏழைப் பிள்ளையைத் தேடிப் போகச் செய்த கருவி அது. இன்றைக்குக் கொழும்பில், வசதியான வீட்டுப் பிள்ளை இன்னும் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறுவதற்கான வாசலாகவும் அதுவே இருக்கிறது. பரீட்சையை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வாரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அதை எடுத்துவிட்டால் மட்டக்குளிப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே கதவும் மூடும். முதலாம் தரத்துக் கதவு அவளுக்கு எப்போதோ மூடப்பட்டுவிட்டது.

அந்த முதலாம் தரத்துக் கதவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பெயர்பெற்ற அரச பள்ளிக்கூடங்களில் முதலாம் தர அனுமதியில் பாதி இடங்கள் அண்மையில் வசிப்பவர்களுக்கு. கால்பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. 15 சதவீதம் ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு. வசிப்பிடத்தைக் காட்டக் காணி உறுதி வேண்டும், வாக்காளர் இடாப்பில் தொடர்ந்து பெயர் இருக்கவேண்டும், லைட் பில், தண்ணீர் பில் வேண்டும். என் மகளுக்கு நாங்கள் கொண்டுபோன கோப்பு இரண்டு விரல் தடிப்பு. வீடு மாமனாரின் பெயரிலிருந்து எங்கள் பெயருக்கு முதலே மாற்றப்பட்டிருந்தது. நேர்முகத்தில் ஒரு கேள்வியும் சிக்கவில்லை. நாங்கள் பொய் சொல்லவில்லை, யாருக்கும் காசு கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போக எங்களால் முடிந்தது என்பதே ஒரு சொத்து என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலை இல்லை. ஒரு தண்ணீர்ப் பைப்பைச் சுற்றி நெருக்கியடித்த நாற்பது ஐம்பது வீடுகள். அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கும் கையில் உறுதி இருப்பதில்லை. பலரை நகர அபிவிருத்தி அதிகார சபை மாடிவீடுகளுக்கு மாற்றியது. வீடு புதியது, ஆனால் முகவரி மாறியதும் வாக்காளர் இடாப்பில் இருந்த தொடர்ச்சி அறுந்தது. எங்கள் வகுப்புத் தாய் ஒருவர் சப்பாத்துப் பெட்டிக்குள் எல்லாப் பத்திரங்களையும் போட்டுக்கொண்டுவந்து, "இதில எது காணும் மிஸ், பாத்துச் சொல்லுங்க" என்றார். கிராம சேவகரின் கடிதம், கிழிந்த அடையாள அட்டைப் பிரதி, கிளினிக் கொப்பி, மாடிவீட்டுக்குக் கட்டிய காசின் துண்டுகள். தேவையானது எதுவும் அதில் இல்லை. அதைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2016இல் "அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்று ஒரு திட்டம் வந்தது. பெயரைக் கேட்டபோது சந்தோஷப்பட்டேன். செய்யவேண்டியது அதுதான்: எந்தப் பிள்ளைக்கும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடமே போதும் என்ற நிலை. கட்டடங்கள் வந்தன, கழிவறைகள் வந்தன, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் சுவருக்குப் பூசிய பெயின்ட் கணக்குச் சொல்லிக்கொடுக்காது. நாட்டில் பத்தாயிரத்துக்கு மேல் அரச பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பது அதில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றில்தான். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பழைய மாணவர் சங்கம் நீச்சல் தடாகம் கட்டிக்கொடுக்கும். எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் துறைமுகத்திலும் கடைகளிலும் நாட்கூலிக்கு நிற்கிறார்கள். அவர்கள் எதைக் கட்டிக்கொடுப்பார்கள்?

மாவட்டம் என்ற அளவுகோலைப் பற்றித் தமிழர்களோடு பேசுவது லேசான காரியமில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974இல் மாவட்டக் கோட்டா. எங்கள் வீடுகளில் அது இன்னும் ஆறாத புண். என் பெரியப்பாவின் மருத்துவக் கனவு அதோடு முடிந்தது. சாகும்வரைக்கும் அந்த வருடத்துப் புள்ளிகளை ஒப்புவிப்பார். மொழியைப் பார்த்துப் புள்ளியைக் குறைத்தது அநியாயம், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் மாவட்டக் கோட்டாவால் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இருந்து பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனதும் உண்மை. இன்றைக்கு, வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாக மாற்றிய இசட் புள்ளியோடு, பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பட்டியலில் இருக்கிறது, பதுளை இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். கொழும்பு இல்லை. மருத்துவத்துக்குக் கொழும்பின் வெட்டுப்புள்ளி எப்போதும் உயரத்தில். மட்டக்குளியில் தமிழ்மூலம் படித்து உயர்தர விஞ்ஞானம் வரைக்கும் ஏறிவிட்ட ஒரு பிள்ளை இருந்தால், பெரிய பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் படித்த பிள்ளையோடு அதே கோட்டில் நின்று ஓடவேண்டும். நாலு வருடத்தில் எங்கள் மண்டபத்துக்கு வந்தவர்களில் விஞ்ஞானப் பிரிவுக்குப் போனவர் ஒருவர்கூட இல்லை.

மாவட்டம் என்ற அளவு, தூரத்து ஊர்களுக்கு நியாயம் செய்ய வந்தது. நகரத்துக்கு உள்ளேயே தூரத்தில் இருக்கிற பிள்ளை அதன் கண்ணில் படுவதில்லை. கொழும்புக் கல்வி வலயத்துக்குள்ளேயே கொழும்பு வடக்கு என்று ஒரு கோட்டமும் கொழும்பு தெற்கு என்று ஒரு கோட்டமும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டி எடுத்த சராசரி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். தலை அடுப்பிலும் கால் ஐஸ் பெட்டியிலும் இருக்கிற ஆளுக்கு உடம்புச் சூடு சராசரியாக அளவாய் இருக்கிறது என்று சொல்வதுபோல.

இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பையன், இப்போது பத்தாம் தரம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது நான்காம் தரத்தில் இருந்தான். அந்த ஒக்டோபரில் பேலியகொட மீன்சந்தையிலிருந்து தொற்று பரவியதும் மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டால், கிராண்ட்பாஸ் எல்லாவற்றையும் ஊரடங்கு போட்டுப் பூட்டினார்கள். நவம்பரில் வெளி மாகாணங்களில் மேல் வகுப்புகளைத் திறந்தபோதும் மேல்மாகாணத்தில் திறக்கவில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் சூம் வகுப்புக்குப் பழகிவிட்டோம். என் மகளுக்கு ஒரு டெப், தனி அறை. இவன் வீட்டில் ஒரு போன், நாலு பிள்ளைகள், டேட்டா போடக் காசில்லை. 2021இல் ஐந்தாம் தரம் என்று பெயர்தான். அந்த வருடத்துப் புலமைப்பரிசில் பரீட்சை 2022 ஜனவரியில்தான் நடந்தது. அவன் அதை எழுதப் போகவேயில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அடுத்த தரத்துக்கு ஏற்றினார்கள். விட்டுப்போன நான்காம் ஐந்தாம் தரக் கணக்கை யாரும் திரும்பி எடுத்துக் கொடுக்கவில்லை.

முதன்முதல் வந்தபோது அவனிடம் மூன்றில் ஒன்று பெரிதா நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டேன். நான்கில் ஒன்று என்றான். நாலு மூன்றைவிடப் பெரிது என்பது அவன் நியாயம். பாண் றாத்தலைச் சொல்லி விளக்கப் பார்த்தேன். கால் றாத்தல், அரை றாத்தல் அவனுக்கு நன்றாகத் தெரியும், தினமும் கடைக்குப் போகிறவன். "மூணில ஒண்ணு யாருமே விக்க மாட்டாங்களே மிஸ்" என்றான். அவன் சொன்னது சரிதான். அடுத்த சனிக்கிழமை பேக்கரியில் ஒரு முழுப் பாண் வாங்கிக்கொண்டு போய் மண்டபத்து மேசையில் வைத்து அவனையே மூன்றாக வெட்டச் சொன்னேன். அளந்து, கோடு போட்டு வெட்டினான். பிறகு பருப்போடு எல்லோரும் சாப்பிட்டோம். பத்தாம் தரத்துப் பிள்ளை, நான்காம் தரத்தில் தெரிந்திருக்கவேண்டியதை அன்றைக்குத் தெரிந்துகொண்டான்.

அவனுடைய பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடமாகத் தமிழ்மொழி மூல நிரந்தரக் கணித ஆசிரியர் இல்லை. ஆசிரிய நியமனம் இல்லாமல் அபிவிருத்தி உத்தியோகத்தராக வந்த ஒரு பிள்ளை, கலைப் பட்டதாரி, தன்னால் முடிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. வேறு ஆள் இல்லாத இடத்தில் நிற்கிறவர் அவர். வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் நியமனம் பெற்று வருகிற ஆசிரியர்கள் வாடகையும் பஸ் செலவும் தாங்காமல் இடமாற்றம் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். சாதாரண தரத்தில் ஆறு பாடம் சித்தியடைந்து அதில் மூன்றில் திறமைச் சித்தி எடுத்தால்தான் உயர்தரம். கணிதம் அதற்குள் முக்கியம். ஆசிரியரே இல்லாத பாடத்தில் பெயில் விட்ட பிள்ளைக்குப் "படிப்பில் அக்கறையில்லை" என்று பெயர் வைக்கிறோம்.

பிற நாடுகளில் இந்த இடைவெளியை எப்படிக் கையாள்கிறார்கள் என்று வாசித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் 2002இல் வந்த சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கூடமும் சராசரியை மட்டும் காட்டித் தப்ப விடவில்லை. ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், ஆங்கிலம் இன்னும் பழகாத பிள்ளைகள் என்று தனித்தனியே பெறுபேற்றைக் காட்டவைத்தது. அதோடு தண்டனையையும் சேர்த்ததால் பள்ளிக்கூடங்கள் பரீட்சைக்கு மட்டும் படிப்பிக்கும் இடங்களாகின என்ற குறை எழுந்தது. 2015இல் சட்டத்தை மாற்றினார்கள். ஆனாலும் தனித்தனியே எண்ணுவதை விடவில்லை. இங்கிலாந்தில் 2011 முதல் வசதி குறைந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் என்று பள்ளிக்கூடத்துக்கு மேலதிகப் பணம் போகிறது. தண்டனை நமக்கு வேண்டாம். எண்ணுவது வேண்டும். எந்தெந்தக் குடும்பங்களுக்கு அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு போகிறது என்ற பட்டியல் அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்தப் பிள்ளையின் பெயரையும் வெளியில் விடாமல், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் கொழும்பு வடக்கில் எப்படிச் செய்கிறார்கள், தமிழ்மூலத்தில் எப்படி, சிங்களமூலத்தில் எப்படி என்று வருடாவருடம் தனியே வெளியிடலாம். கணக்காளராக எனக்குத் தெரிந்தது இதுதான்: தனிக் கணக்குத் திறக்காத செலவுக்கு யாரும் பொறுப்பெடுப்பதில்லை.

வனாத்தமுல்லையில் சிங்களமூலம் படிக்கும் பிள்ளைக்கும் மாளிகாவத்தை முஸ்லிம் பிள்ளைக்கும் இதே கதைதான் என்பது எனக்குத் தெரியும். தமிழ்மூலப் பிள்ளைக்கு ஆசிரியர் தட்டுப்பாடு அதற்கு மேல் இன்னொரு சுமை. எங்கள் ஆட்களிடமும் ஒன்றைச் சொல்லவேண்டும். கொழும்புத் தமிழர் கல்வி என்று கூட்டம் போட்டால் வெள்ளவத்தையையும் பம்பலப்பிட்டியையும் பற்றியே பேசுகிறோம். மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டால் பிள்ளைகளின் பெயர் பரிசளிப்பு விழாவில் கொப்பி கொடுக்கும்போது மட்டும் வருகிறது. கொப்பி வேண்டாம் என்று சொல்லவில்லை, 2022க்குப் பிறகு ஒரு கொப்பியின் விலை ஒரு நாள் மரக்கறிக் காசு. ஆனால் கொப்பியைத் திருத்த ஆள் வேண்டும்.

2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தேசிய உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்குக் கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடு அண்மைக்காலத்தில் செலவிடுவது 2 சதவீதத்துக்கும் கீழே. அந்தச் சண்டை நடக்கட்டும், நானும் வருவேன். ஆனால் இருக்கிற காசிலேயே முதலில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொழும்பு வடக்கின் தமிழ்மொழி மூலப் பள்ளிக்கூடங்களுக்குக் கணித ஆசிரியர்களை நியமித்து, அவர்கள் இருப்பதற்கு ஒரு விடுதியும் மேலதிகப் படியும் கொடுப்பது. ஐந்து வருடம் அங்கேயே இருக்கச் செய்வது. அதிலும் அனுபவசாலிகளை ஒன்று முதல் மூன்றாம் தரங்களுக்கு விடுவது. பத்தாம் தரத்தில் பாண் வெட்டுவதைவிட மூன்றாம் தரத்தில் வெட்டுவது லேசு.

லொறி டயர் எண்ணிய பிள்ளை இப்போது வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஆறாம் தரத்துக்குப் போகிறாள். சனிக்கிழமை தவறுவதில்லை, சில நாள் தம்பியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். பையன் பின்னத்தை முடித்துவிட்டான். போன கிழமை சதவீதம் தொடங்கினோம். பல்கலைக்கழக மாவட்ட ஒதுக்கீட்டு எண்களையே கணக்காகக் கொடுத்தேன்: 55 சதவீதம் என்றால் நூறு இடத்தில் எத்தனை, இருநூறு இடத்தில் எத்தனை. சரியாகச் செய்தான். செய்துவிட்டு, "இதில நம்மளுக்கு எத்தன மிஸ்?" என்று கேட்டான். அதற்கான எண் எந்தத் தாளிலும் இல்லை என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த கணக்கை எடுத்தான். அட்சரகணிதத்தைச் செப்டம்பருக்குள் தொடங்கவேண்டும்.